பாத்தி குத்தகை, உப்பு நம்முடையது

தமிழில் ஊர்த் தளமும் சிற்றிதழ்த் தளமும் ஆவணத் தளமும் நடத்துகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்



மரக்காணத்திலிருந்து எழுதுகிறேன். ஊர் வரலாறு, கோயில் கல்வெட்டு, மீனவர் செய்தி, பழைய இதழ்களின் பக்கங்கள் என்று ஆளுக்கொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு, சம்பளமில்லாமல் ராத்திரி கண் விழித்து இணையத்தில் ஏற்றிக்கொண்டிருக்கிறீர்கள். உங்களில் பலர் என்னை அழைத்துக் கேட்பது ஒரே கேள்வி: "தளம் பெருசாயிடுச்சு, அடிக்கடி படுத்துக்குது. எந்த ஹோஸ்டிங்குக்கு மாத்தலாம்? வருஷத்துக்கு எவ்வளவு ஆகும்?" சர்வர் வேலையில் பல ஆண்டு இருந்தவன் என்பதால் ஏதாவது ஒரு பெயரைச் சொல்லி அனுப்பிவிடுவேன். அதற்காக இன்று உங்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன். பெயரைச் சொல்லும் முன் உங்களிடம் நான் திருப்பிக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. அந்த இடத்தை விட்டு நாளைக் காலையே கிளம்பச் சொன்னால், எதையெல்லாம் உங்களால் கையோடு கொண்டுபோக முடியும்?

பட்ட பிறகுதான் எனக்கே அந்தக் கேள்வி வந்தது.

எங்கள் கரைக்கென்று மூன்று பேர் சேர்ந்து ஒரு சின்னத் தளம் நடத்தினோம். அன்றைய உப்பு விலை, மழை, கடல் எச்சரிக்கை, கழுவெளி ஏரிக்கு வந்திறங்கும் பறவைகள் எல்லாம் அதில் வரும். உப்பளத்தில் வாழ்நாள் முழுக்க வேலை செய்த பெரியவர்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதிய நேர்காணல்கள் இருந்தன. அவர்கள் வாயிலிருந்து வந்த தொழிற்சொற்களின் பட்டியலும் இருந்தது. முதல் வருடச் சலுகையில் கிடைத்த மலிவான பிளான். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தது. நம்பினோம்.

2024 நவம்பர் 30, சனிக்கிழமை. ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே இரவு பத்தரைக்கு மேல் கரையைக் கடந்தது. கடந்தபின்னும் நகராமல் அங்கேயே நின்று கொட்டித் தீர்த்தது. எங்களுக்குப் பக்கத்து மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை. நான் அன்று சென்னையில் இருந்தேன். ஊரில் கரண்ட் இல்லை. வீட்டில் யாரும் போன் எடுக்கவில்லை. சென்னையிலும் துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் அன்று மாலை எங்கள் தளத்தைத்தான் திறந்து பார்த்தார்கள். ஒரு மாதத்தில் வருகிற கூட்டம் ஒரு மணி நேரத்தில் வந்தது. தளம் விழுந்தது. எந்தத் தெருவில் தண்ணீர் ஏறியிருக்கிறது, யார் எந்தப் பள்ளிக்கூடத்தில் தங்கியிருக்கிறார்கள் என்று நண்பர் ஒருவர் ஈரத்தில் நின்றபடி அனுப்பிய குறிப்பை ஏற்றவே வழியில்லை. திரையில் 508 என்ற எண்ணும், வரம்பு முடிந்துவிட்டது என்ற ஆங்கில வரியும் மட்டும் விடியும்வரை நின்றன.

அந்த 'அன்லிமிடெட்' எதற்கு என்பதைப் பிறகுதான் ஒப்பந்தத்தில் தேடிப் படித்தேன். இடத்துக்கும் டிராஃபிக்குக்கும்தான் அளவில்லை. ஒரே நேரத்தில் எத்தனை வேலைகள் ஓடலாம், சர்வரின் மூளையில் எவ்வளவு பங்கு, எவ்வளவு நினைவகம், மொத்தம் எத்தனை கோப்புகள் என்பதற்கெல்லாம் கறாரான வரம்பு உண்டு. ஒரே சர்வரில் நூற்றுக்கணக்கான தளங்களைக் குடிவைக்கிறவர்கள் அப்படி வரம்பு போடாமல் இருக்க முடியாது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் அந்த எண்கள் விளம்பரத்தில் இருப்பதில்லை, நீங்கள் பணம் கட்டிய பிறகு படிக்கிற பக்கத்தில் இருக்கின்றன. கட்டும் முன் அவற்றை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். இரண்டாம் வருடம் புதுப்பிக்கும்போது என்ன விலை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், முதல் வருட விலையைப் பார்த்து ஏமாந்தவர்கள் நம்மில் நிறையப் பேர்.

தளம் விழுந்ததைவிடப் பெரிய இழப்பு அதற்கு அடுத்த வாரம் நடந்தது. அவசரப்பட்டு வேறிடத்துக்கு மாறினோம். பழைய இடத்திலிருந்து டேட்டாபேஸை இறக்கிப் புதிய இடத்தில் ஏற்றினோம். முகப்பு வந்தது, படங்கள் வந்தன. பார்த்துத் திருப்திப்பட்டுப் பழைய கணக்கை மூடச் சொல்லிவிட்டோம். இரண்டு நாள் கழித்து நேர்காணல் பகுதியைத் திறந்தால் வரிக்கு வரி கேள்விக்குறிகள். ஒரு தமிழ் எழுத்து மிஞ்சவில்லை.

இது தமிழில் தளம் நடத்துகிற நமக்கே உரிய ஆபத்து என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பழைய மைசீக்வெல் டேட்டாபேஸுக்கு நாம் எதுவும் சொல்லாவிட்டால், அது லத்தீன்-1 என்ற ஐரோப்பிய எழுத்துத் தொகுப்பைத்தான் எடுத்துக்கொள்ளும். 2018இல் வந்த 8.0 பதிப்பில்தான் யுடிஎஃப்8எம்பி4 என்ற யூனிகோடு முறை இயல்பாக வந்தது. இறக்கும்போதோ ஏற்றும்போதோ ஒரு பக்கம் லத்தீன் என்றும் மறுபக்கம் யூனிகோடு என்றும் நினைத்துக்கொண்டால், தமிழ் எழுத்துக்குப் பதில் ஒரு கேள்விக்குறி போய் உட்கார்ந்துவிடும். உடைந்த எழுத்தைச் சில சமயம் ஒட்டிச் சரிசெய்யலாம். கேள்விக்குறியாகிப் போனதை யாராலும் மீட்க முடியாது, அங்கே எழுத்து இருந்ததற்கான தடயமே இல்லை. எங்களுக்குப் பழைய சர்வரில் இருந்ததுதான் ஒரே பேக்கப். கணக்கோடு அதுவும் போயிற்று. பேட்டி கொடுத்த பெரியவர்களில் இருவர் அதற்குள் காலமாகியிருந்தார்கள். அவர்களிடம் போய் மறுபடி கேட்க முடியாது.

இந்தத் தவறு அளத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு நடந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. எங்கள் ஊரில் உப்பளத்து நிலம் பெரும்பாலும் அரசுடையது. குத்தகைக்கு எடுத்துத்தான் தொழில் செய்கிறார்கள். பொங்கல் சமயத்தில் மழைத் தண்ணீரை வடித்து, சேறு மிதித்துத் தரையை இறுக்கி, வரப்பு கட்டி, பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றிக் காயவிடுவார்கள். தண்ணீரின் அடர்த்தி பாமே அளவில் 25 டிகிரியை நெருங்கும்போது உப்பு கட்டத் தொடங்கும். வாரிய உப்பை அன்றைக்கே மேட்டுக்குச் சுமந்து குவிப்பார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் போகிறவர்கள் பார்க்கிற வெள்ளை மேடுகள் அவைதான். ஐப்பசியில் வானம் கறுத்தால் அந்த மேட்டின் மேல் ஓலையோ தார்ப்பாயோ ஏறிவிடும். பாத்தி எவ்வளவு நல்ல பாத்தியாக இருந்தாலும் விளைந்த உப்பை அதிலேயே விட்டுவைக்கிற ஒரு ஆளை நான் கண்டதில்லை. மழை வந்தால் பாத்தி கடலாகும் என்று எங்கள் ஊர்ச் சிறு பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தும் பத்து வருட உழைப்பைக் குத்தகைப் பாத்தியிலேயே விட்டுவைத்திருந்தேன்.

இந்தக் கரையில் ஒரு காலத்தில் பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகில் சென்னைக்கு உப்பு போனது. இப்போது லாரியில் போகிறது. படகுக்காரரை நம்பி இருந்த உப்பு, படகு நின்றதும் நின்றுவிடவில்லை, ஏனென்றால் அது கரையில், மேட்டில், உரியவர் கையில் இருந்தது. ஹோஸ்டிங் நிறுவனங்களும் அப்படித்தான் வரும், விற்கப்படும், விலையை ஏற்றும், ஒருநாள் கடையை மூடும். நல்ல நிறுவனமும் மூடும். அதைக் குறையாகச் சொல்லவில்லை. அது தொழிலின் இயல்பு.

தமிழ் இணையத்தின் மூத்தவர்கள் இதை நேரில் பார்த்தவர்கள். 1994இல் தொடங்கிய ஜியோசிட்டீஸ், இலவசமாக இடம் கொடுத்து, பேட்டை பேட்டையாகப் பிரித்து உலகத்தையே குடிவைத்தது. ஏதென்ஸ் என்று ஒரு பேட்டை. அதில்தான் முனைவர் கல்யாணசுந்தரத்தின் தமிழ் மின்நூலகப் பக்கங்கள் இருந்தன. தமிழின் ஆரம்பகால இணையப் பக்கங்கள் பலவும் இப்படி இலவச இடங்களில் முளைத்தவைதாம். 1999இல் யாஹூ ஜியோசிட்டீஸை வாங்கியது. 2009 அக்டோபர் 26 அன்று மூடியது. இணைய ஆவணக் காப்பகமும் தன்னார்வலர்களும் ஓடி ஓடிப் பிடித்தவை போக மீதி அழிந்தது. எத்தனை தமிழ்ப் பக்கங்கள் அதில் போயின என்று எண்ணிச் சொல்லக்கூட இன்று வழியில்லை.

அதே முனைவர் முன்னின்று 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தைப் பாருங்கள். தளம் இடம் மாறியிருக்கிறது. எழுத்துக் குறிமுறை மாறியிருக்கிறது, டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு வந்திருக்கிறது. நூல்கள் நம் கையில் இருக்கின்றன. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும், இந்த முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு யாரும் தாராளமாகப் பரப்பலாம் என்று எழுதிவைத்தார்கள். யார் யார் கணினியிலோ, எந்தெந்த நாட்டிலோ அந்தக் கோப்புகள் நகலாகக் கிடக்கின்றன. நாளை அவர்களுடைய சர்வர் எரிந்தே போனாலும் சிலப்பதிகாரம் எரியாது. உங்களிடம் நான் கேட்கப்போவதும் ஏறக்குறைய இதைத்தான்.

எரிந்துபோனால் என்று பேச்சுக்குச் சொல்லவில்லை. 2021 மார்ச் 10 நள்ளிரவு தாண்டி, பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரில் ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் ஒன்று முற்றாக எரிந்தது. லட்சக்கணக்கான தளங்கள் இருண்டன. பேக்கப் வசதிக்குத் தனியாகப் பணம் கட்டிய வாடிக்கையாளர்கள் சிலர்கூடத் தரவை இழந்தார்கள். காரணம், அந்த பேக்கப்பும் அதே வளாகத்தில் இருந்தது. நீதிமன்றம் போய் இழப்பீட்டுத் தீர்ப்பு பெற்றவர்கள் உண்டு. தீர்ப்பு தரவைத் திருப்பித் தராது. 2025 செப்டம்பரில் தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசு டேட்டா சென்டர் எரிந்தபோது, அரசு ஊழியர்கள் கோப்பு சேமித்துவைத்த 858 டெராபைட் கொண்ட ஜி-டிரைவ் வெளி நகல் இல்லாமலே போனது. அத்தனை வசதியுள்ள ஒரு அரசுக்கே இது நடந்திருக்கிறது. 'எங்க ஹோஸ்டிங்லயே டெய்லி பேக்கப் எடுக்கிறாங்க' என்று என்னிடம் நிம்மதியாகச் சொல்லும் நண்பர்களே, அந்த பேக்கப் எந்தக் கட்டடத்தில் இருக்கிறது என்று ஒருமுறை கேளுங்கள்.

சரி, வளர்கிற தளத்துக்கு எந்த இடம்? உங்கள் கேள்வியைத் தட்டிக் கழிக்கவில்லை, சொல்கிறேன்.

பெரிய சர்வர் தேடும் முன் உங்கள் தளம் ஏன் மூச்சு வாங்குகிறது என்று பாருங்கள். ஃபெஞ்சல் மாலையில் எங்கள் தளம் விழுந்ததற்குப் பாதிக் காரணம் நாங்கள்தான். வேர்ட்பிரஸ், வருகிற ஒவ்வொருவருக்கும் அதே பக்கத்தை டேட்டாபேஸிலிருந்து புதிதாகச் சமைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. ஆயிரம் பேரும் படிக்க வந்தது ஒரே பக்கம். அதை ஒருமுறை சமைத்து எடுத்துவைத்துப் பரிமாறியிருந்தால், அதாவது கேஷ் போட்டிருந்தால், அதே மலிவான பிளானே அந்த இரவைத் தாண்டியிருக்கும். போனில் எடுத்த படங்களை தலா நாலு எம்பியாக அப்படியே ஏற்றியிருந்தோம். பக்கத்தைச் சுருக்கி அனுப்பும் ஏற்பாட்டையும் போடவில்லை. தமிழுக்கு அது அவசியம். யுடிஎஃப்-8இல் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் மூன்று பைட். 'மரக்காணம்' என்று எழுத 27 பைட் ஆகிறது. ஆங்கிலத்தில் 10. சுருக்கி அனுப்பினால் இந்தப் பாரம் பெருமளவு குறைந்துவிடும். நம் சிறு தளங்களில் பெரும்பாலானவற்றுக்கு வேண்டியது இந்த வீட்டு வேலைதான், பெரிய சர்வர் அல்ல என்பது என் முடிவு.

அதன்பிறகும் போதாதென்றால் மாறுங்கள். வாசகர்கள் தமிழ்நாட்டில் இருந்தால் சர்வர் இந்தியாவில் இருக்கட்டும். சென்னையிலும் மும்பையிலும் இப்போது வசதிக்குக் குறைவில்லை. அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு ஒரு தகவல் போய்த் திரும்பவே 200 மில்லிசெகண்டுக்கு மேல் ஆகும், ஒரு பக்கம் திறப்பதற்குள் அது பல தடவை போய்வர வேண்டும். டொராண்டோவிலும் லண்டனிலும் வாசகர் உள்ளவர்கள் சிடிஎன், அதாவது பக்கங்களின் நகலை வாசகருக்கு அருகிலுள்ள சர்வரிலிருந்து தரும் சேவை, வைத்துக்கொண்டால் போதும். விபிஎஸ், அதாவது நாமே பராமரிக்க வேண்டிய தனிப் பங்கு சர்வர், எடுக்கச் சொல்லி உங்களுக்கு யோசனை சொல்ல நிறையப் பேர் இருப்பார்கள். எடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். அதில் பாதுகாப்புத் திருத்தங்களை மாதாமாதம் போடுவது யார்? இரவு இரண்டு மணிக்கு அது நின்றால் எழுந்து பார்ப்பது யார்? பெயர் சொல்லக்கூடிய ஒருவர் இல்லையென்றால் விபிஎஸ் வேண்டாம். கொஞ்சம் அதிகம் கொடுத்து, பார்த்துக்கொள்ள ஆள் உள்ள ஹோஸ்டிங்கே எடுங்கள். பணம் கட்டும் முன் அவர்களுடைய உதவி எண்ணுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு அழைத்துப் பாருங்கள். டேட்டாபேஸையும் கோப்புகளையும் முழுசாக நானே இறக்கிக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். அதற்கு நேரான பதில் வராத இடத்துக்கு எந்த விலையிலும் போகாதீர்கள்.

இனிச் சங்கங்களின், இதழ்களின் பொறுப்பில் உள்ள பெரியவர்களிடம் ஒரு மனக்குறை. ஆண்டு விழா மேடைக்கும் ஃபிளெக்ஸுக்கும் சால்வைக்கும் செலவழிக்க உங்களுக்குத் தயக்கமில்லை. தளத்துக்கு மட்டும் "அந்தத் தம்பி பாத்துக்குவான்" என்று விட்டுவிடுகிறீர்கள். அந்தத் தம்பி தன் மின்னஞ்சலில், தன் கார்டில் டொமைன் வாங்குகிறான். படிப்பு முடிந்து பெங்களூருக்கோ துபாய்க்கோ போகிறான், கார்டு மாறுகிறது, புதுப்பிக்கச் சொல்லும் கடிதம் அவன் திறக்காத பெட்டியில் விழுகிறது. டாட் காம் முகவரி காலாவதியாகி, சலுகை நாள்களும் கழிந்தால், கூடுதல் கட்டணம் கட்டி மீட்க 30 நாள் கெடு. அதுவும் போனால் 5 நாளில் முகவரி சந்தைக்கு வந்துவிடும், யார் வேண்டுமானாலும் வாங்கலாம். சர்வர் போனால் வேறு சர்வர் பிடிக்கலாம். முகவரி போனால் இத்தனை வருடம் உங்களைத் தேடி வந்த வாசகர் வேறு யாருடைய வாசலிலோ போய் நிற்பார். அப்படி நடந்தபிறகு அந்தத் தம்பியைத் திட்டுகிறீர்கள். மூன்று வருடம் சம்பளமில்லாமல் உங்களுக்கு உழைத்தவன் அவன். அவனுடைய சுமையில் நீங்கள் பங்கெடுத்திருந்தால் இது நடந்திருக்காது.

ஆகவே, வருகிற பொங்கலுக்குள் நீங்கள் ஒவ்வொருவரும் செய்து முடிக்கும்படி சிலவற்றைக் கேட்கிறேன்.

டொமைனைச் சங்கத்தின் அல்லது இதழின் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டு பேர் திறக்கக்கூடிய பொது மின்னஞ்சலில் வையுங்கள். ஹோஸ்டிங் விற்கிறவரிடமே டொமைனையும் வாங்கியிருந்தால், மாற்றிக்கொள்வதற்கான ஆத் கோடைத் தருவாரா என்று இப்போதே கேட்டுப் பாருங்கள், சண்டை வந்தபிறகு கேட்காதீர்கள்.

மாதம் ஒருமுறை முழு நகலை, டேட்டாபேஸும் படங்களும் சேர்த்து, உங்கள் கையில் உள்ள டிஸ்க்கில் இறக்குங்கள். இறக்கியதை ஒரு லேப்டாப்பில் ஏற்றித் தளத்தை ஓடவிட்டு, மிகப் பழைய பதிவு ஒன்றைத் திறந்து படியுங்கள். முகப்பைப் பார்த்துத் திருப்திப்படாதீர்கள், நான் பட்டது போதும். உள்ளே போய், ழகரமும் ஒற்றும் கொம்பும் சரியாக இருக்கின்றனவா என்று வரி வரியாகப் பாருங்கள். மாறுகிறவர்கள் பழைய கணக்கை இரண்டு மாதமாவது மூடாமல் வையுங்கள். அந்த இரண்டு மாத வாடகை வீண் செலவாகாது.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமாக நான் நினைப்பது இது. உங்களைப் போன்ற இன்னொரு தளத்தோடு ஜோடி சேருங்கள். உங்கள் நகல் அவர்களிடம், அவர்கள் நகல் உங்களிடம். வேதாரண்யத்தில் இருப்பவர் கோவையில் இருப்பவரோடு, யாழ்ப்பாணத்தில் இருப்பவர் திருச்சியில் இருப்பவரோடு. ஒரே புயலோ ஒரே வெள்ளமோ இரண்டு இடத்தையும் தொடாத தூரமாகப் பாருங்கள். வாசகர்களின் மின்னஞ்சலும் கடவுச்சொல்லும் அதற்குள் இருக்கும், ஆகவே நகலைப் பூட்டித்தான் அனுப்ப வேண்டும். பூட்டின் சாவியை உங்கள் பக்கமே மூன்று பேரிடம் கொடுத்துவையுங்கள். இதற்குப் பெரிய பணம் வேண்டாம். தபாலில் அனுப்பிய ஒரு டிஸ்க்கும் ஆறு மாதத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பும் போதும்.

கேள்விக்குறியாகிப்போன எங்கள் சொற்பட்டியலை மறுபடி எழுதத் தொடங்கியிருக்கிறேன். காலையில் ஏழு மணிக்கு அளத்துக்குப் போனால், வெயில் ஏறுவதற்குள் நாலைந்து பேரோடு பேச முடிகிறது. இந்தத் தடவை நோட்டில் எழுதிக்கொண்டு வந்துதான் தட்டச்சு செய்கிறேன். என் மேசையில் இரண்டு டெராபைட் டிஸ்க் ஒன்று காலியாக இருக்கிறது. உங்களில் முதலில் எழுதுகிறவருக்கு அது. உங்கள் நகலை அனுப்புங்கள், என்னுடையதை எங்கே அனுப்ப வேண்டும் என்றும் சொல்லுங்கள்.

அன்புடன்,
மரக்காணத்து உப்பளத் தொழிலாளி ஒருவரின் மகன்